உள்ளத்துக்கு ஊட்டும் உணவு: மில், டார்வின் வாழ்க்கைகள் காட்டும் உண்மை

பேரறிஞர் ஒருவருடைய நூலைக் கையில் எடுக்கும்பொழுது, அதனை ஆக்கியவர் எத்தனை நூல்களைக் கற்றார், எத்துணைக் காலம் உழைத்தார் என வினவுவது கல்வியுலகின் வழக்கம். அவர் நாளொன்றில் எப்பொழுது ஓய்ந்தார், யாருடன் உலாவினார், எதனைக் கண்டு மகிழ்ந்தார், துயர் வந்துற்றவிடத்து எதனைப் பற்றிக்கொண்டு நின்றார் என வினவுவார் சிலரே. முன்னைய வினாக்கள் அறிவின் வரலாற்றைச் சார்ந்தவை என்றும், பின்னையவை வெறும் வீட்டுச் செய்திகள் என்றும் நாம் எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் இருவரின் வாழ்க்கைகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1859ஆம் ஆண்டு பெப்புருவரியில் ஜோன் ஸ்டூவர்ட் மில் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூல் இலண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் சாள்ஸ் டார்வின் எழுதிய ‘இனங்களின் தோற்றம்’ வெளிவந்தது. தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இன்றும் நடைபெறும் வாதங்கள் முன்னைய நூலைத் தொடாமற் செல்வதில்லை. உயிர்நூல் முழுவதும் பின்னைய நூலை அடியாகக் கொண்டு வளர்ந்தது. ஓராண்டில் தோன்றிய இவ்விரு நூல்களுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. இரண்டும் இழவு வீடுகளிலிருந்து வெளிவந்தவை. டார்வினின் கடைசி மகன், இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை, 1858 யூன் 28ஆம் நாள் செங்காய்ச்சலால் இறந்தது. மில்லின் மனைவியார் ஹரியெற் அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் பிரான்சு நாட்டு அவிஞோன் நகரில் உயிர்நீத்தார். கணவனும் மனைவியும் கூடியிருந்து தம் நூலை இறுதியாகத் திருத்த எண்ணியிருந்தனர். அது கைகூடாமையால், உள்ளவாறே அதனை மில் வெளியிட்டு, மறைந்த துணைவியார்க்கே உரிமையாக்கினார்.

இத்தகைய துயர்களுக்கிடையிலும் ஆக்கப்பணி நின்றுவிடாதபடி இவ்விருவரையும் தாங்கியது யாது? அறிவுத் திறன் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், அவர்கள் தாமே எழுதிவைத்த தன்வரலாறுகளைப் படிப்பார்க்கு அவ்விடை நிறைவு தராது. உணர்ச்சிக்கும் நாள்தோறும் உணவு வேண்டும் என்பதை ஒருவர் இளமையிலே, பட்டறிந்து உணர்ந்தார். மற்றவர் அதனை முதுமையிலே, இழந்தபின் உணர்ந்தார்.

மில்லின் இளமைக் கல்வி

மில் 1806 மே 20ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில், இந்தியாவின் வரலாற்றை எழுதி 1817இல் வெளியிட்டவர். செயல்களின் நன்மை தீமையை அவை விளைக்கும் மொத்த இன்பத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்னும் பயன்பாட்டுக் கொள்கையை வகுத்த ஜெரமி பெந்தாமின் அணுக்கத் தோழர். மகனைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். மூன்று வயதிற் கிரேக்க மொழி தொடங்கிற்று. எட்டு வயதில் இலத்தீன். தந்தை வரலாறெழுதும் அதே மேசையில் மகனும் இருந்து படிப்பான். கிரேக்கத்துக்கு ஆங்கில அகராதி அக்காலத்து வாய்க்காமையால், தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் தந்தையையே வினவுவான். பொறுமை குன்றியவரெனப் பெயர்பெற்ற அத்தந்தை எழுத்தை நிறுத்தி நிறுத்தி விடை கூறுவார். காலையுணவுக்கு முன் இருவரும் வயல்வெளிகளில் உலாவச் செல்வர். முதல்நாட் படித்ததை மகன் ஒப்புவிக்க வேண்டும். பன்னிரண்டாம் வயதில் அளவையியல், பதின்மூன்றாம் வயதில் அரசியற் பொருளாதாரம். விடுமுறை என்பது கிடையாது. விட்டால் உழைக்கும் வழக்கம் கெடும் என்பது தந்தையார் கருத்து. ஒத்த வயதுச் சிறுவருடன் கூடி விளையாடவும் இடமில்லை.

இக்கல்வியைக் கொடுமையென்று ஒதுக்கிவிடுதல் எளிது. மில் தாமே அவ்வாறு ஒதுக்கவில்லை. தம் வயதொத்தாரைவிடக் கால் நூற்றாண்டு முற்பட்டுத் தொடங்கும் பேற்றை அது தமக்கு அளித்ததென்று நன்றியோடு கூறுகின்றார். அக்கல்வியில் இல்லாதிருந்தது ஒன்றே. ஆராய்தல், பிரித்தல், ஐயுறுதல், நிறுவுதல் ஆகிய அறிவுச் செயல்களுக்கெல்லாம் நாள்தோறும் பயிற்சியிருந்தது. அன்புறுதல், வியத்தல், நயத்தல் ஆகிய உள்ளச் செயல்களுக்குப் பயிற்சியேதும் இல்லை. தந்தையாரோ உணர்ச்சி மிகுதியை இகழ்பவர். 1823இல், பதினேழு வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதிற் பத்திரிகைகளுக்கு எழுதினார். சொற்போர்க் கழகத்திற் பேசினார். தம்பி தங்கையர்க்குக் கற்பித்தார். சான்றுகள் பற்றிப் பெந்தாம் எழுதிக் குவித்திருந்த கையெழுத்துப் படிகளை ஒழுங்குசெய்து ஐந்து தொகுதிகளாக்கினார்.

1826ஆம் ஆண்டின் இருள்

1826ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இருபது வயது இளைஞராகிய மில் தம்மைத் தாமே ஒரு வினாக் கேட்டார். தாம் விழைந்த சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிட்டால் தமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமோ என்பதே அது. உண்டாகாது என்று உள்ளம் விடை கூறிற்று. உலகத்தின் இன்பத்தைப் பெருக்குவதே வாழ்க்கையின் பயன் எனக் கற்று வளர்ந்த ஒருவர்க்கு அவ்விடை அடித்தளத்தையே பெயர்த்தெறிந்தது. உறக்கம் அதனை நீக்கவில்லை, நூல்கள் நீக்கவில்லை, நண்பரிடம் கூறி ஆறுதல் பெறவும் இயலவில்லை. தந்தையிடம் கூறலாமெனின், அத்தந்தையின் கல்விமுறையே இந்நோயை விளைத்தது. முறை பிழைத்தது என்று அவரிடம் சொல்லி அவரை வருத்துவதாற் பயனென்ன என்று மகன் வாய்மூடியிருந்தான்.

ஈண்டு நாம் கருத்தூன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்குளிர்காலம் முழுவதும் மில் தம் வேலைகளில் ஒன்றையும் நிறுத்தவில்லை. அலுவலகம் சென்றார், கழகத்திற் பேசினார். பழக்கத்தின் வலிமை ஒன்றே தம்மை இயக்கிற்று என்றும், பேசியவை யாவை என்பதுதானும் பின்னர் நினைவில் இல்லை என்றும் எழுதுகின்றார். ஆகவே, நாள் வழக்கம் ஒரு மனிதனை விழாமல் தாங்கும் என்பதற்கு இது சான்று. தாங்கும் வழக்கம் தானே குணப்படுத்திவிடாது என்பதற்கும் இதுவே சான்று. வண்டி உருண்டுகொண்டிருந்தது, வண்டியோட்டி உள்ளே வாடிக்கிடந்தான்.

மீட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொந்தெல் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, தந்தையை இழந்து கலங்கி நின்ற குடும்பத்துக்குத் தானே எல்லாமாக இருப்பதென்று அச்சிறுவன் துணியும் இடம் வந்தது. மில் கண்ணீர் விட்டார். தமக்குள் உணர்ச்சி மாண்டுவிடவில்லை என்பதை அக்கண்ணீர் அறிவித்தது. அன்றுமுதல் பாரம் குறைந்தது. கதிரவன் ஒளியும், நூல்களும், உரையாடலும் சிறிது சிறிதாகச் சுவை தரத் தொடங்கின. பின்னரும் தளர்ச்சி சிலமுறை வந்ததுண்டு. ஆயின் அவ்வளவு ஆழத்துக்கு அவர் மீண்டும் இறங்கவில்லை.

இப்பட்டறிவிலிருந்து மில் கொண்ட முடிபுகள் இரண்டு. முதலாவது, இன்பத்தையே குறியாகக் கொண்டு துரத்துவார்க்கு அஃது எட்டாது; பிறர் நலம், கலை, ஓர் அரிய முயற்சி என வேறொன்றிற் கருத்தைச் செலுத்துவார்க்கு அது வழியிடையே தானாக வந்து சேரும். இரண்டாவது, அறிவை வளர்ப்பது போலவே உணர்ச்சியையும் வளர்த்தல் வேண்டும். ஆராயும் பழக்கம் மட்டும் தனித்து வளருமாயின் அது உணர்ச்சியின் வேரை அரித்துவிடும். அவ்வாராய்ச்சியைக் கைவிடுதல் மருந்தாகாது. அதற்கு ஈடாக மற்றதையும் ஊட்டி வளர்த்தலே மருந்து.

அவ்வாறு ஊட்டுவதற்கு அவர் முதலில் நாடியது இசை. இசையை அவர் சிறுவயது தொட்டே விரும்பியவர். ஆயினும் ஆராய்ச்சி அங்கும் அவரைத் தொடர்ந்தது. சுரங்கள் சிலவே, அவற்றாற் கூடும் அழகிய சேர்க்கைகளும் ஓர் எல்லைக்குட்பட்டவை, அவை ஒருநாள் தீர்ந்துபோகுமே என்று அவர் வருந்தினாராம். பசித்தவன் உண்ணும்போதே உலகத்து நெல் தீர்ந்துவிடுமோ என்று கலங்குவது போன்ற கலக்கம் இது. இதனைப் பிற்காலத்து அவரே எண்ணி நகைத்திருக்கின்றார்.

1828ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகள் கைக்கு வந்தன. மலையும் ஏரியும் பற்றிய வருணனைக்காக மட்டும் அவை அவரைக் கவர்ந்தில. இயற்கையைக் காணும் ஓர் உள்ளம் எவ்வாறு அசைகின்றது, அமைதியுறுகின்றது என்பதை அவை காட்டின. செல்வம், போட்டி, வெற்றி ஆகியவற்றைச் சாராத இன்பமும் உண்டு, அதனை எல்லா மனிதரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற தெளிவு அவர்க்குப் பிறந்தது. சீர்திருத்தம் முற்றுப்பெற்ற பின்னும் மனிதர் மகிழ்வதற்கு ஏதேனும் எஞ்சுமோ என்ற பழைய வினாவுக்கு இதுவே விடையாயிற்று. 1829இற் சொற்போர்க் கழகத்தில் வேர்ட்ஸ்வர்த்தைத் தாங்கிப் பேசினார். 1831இல் அக்கவிஞரை நேரிலும் சென்று கண்டார்.

கைக்கொண்ட வழக்கங்கள்

ஒருமுறை பெற்ற தெளிவு தானாக நிலைத்திராது. அதனைக் காப்பதற்கு வழக்கம் வேண்டும். மில்லின் பிற்கால வாழ்க்கை இதற்கு எடுத்துக்காட்டு. 1820இல், பதினான்கு வயதிற் பிரான்சு சென்று ஓராண்டுக்கு மேல் தங்கியபோது செடிகொடிகளைத் திரட்டும் பழக்கம் அவர்க்கு ஏற்பட்டிருந்தது. அதனை இறுதிவரை விட்டாரல்லர். ஓய்வு நாட்களிற் புறநகர்ச் சிற்றூர்களில் நெடுந்தொலைவு நடந்து செடிகளைப் பறித்துவந்து உலர்த்திப் பெயர் எழுதிவைப்பார். தாவரவியல் இதழொன்றிற் குறிப்புகளும் எழுதினார். பியானோ வாசித்தலும் அவர் வழக்கங்களில் ஒன்று. இத்தகைய வாழ்க்கைக்கிடையேதான், அலுவலக வேலையையும் செய்துகொண்டு, 1843இல் அளவையியலையும் 1848இல் அரசியற் பொருளாதாரத்தையும் அவர் வெளியிட்டார். நெஞ்சுநோய் கண்டு, 1854, 1855ஆம் ஆண்டுகளில் இத்தாலி, சிசிலி, கிரேக்கம் ஆகிய நாடுகளில் உலாவித் திரிந்து உடல் தேறினார். சுதந்திரம் பற்றிய சிறு கட்டுரையொன்றை ஒரு தனிநூலாக விரிக்கவேண்டும் என்ற எண்ணம் 1855 சனவரியில் உரோமாபுரியிற் குன்றொன்றின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது உதித்ததென்று அவரே குறித்துள்ளார். 1873 மே 7ஆம் நாள் அவிஞோனில் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் பூச்சியியலறிஞர் பாபருடன் செடி தேடிப் பல மைல் நடந்து வந்திருந்தார்.

தாம் பெற்ற பாடத்தை மாணவர்க்கும் சொல்ல அவர் தவறவில்லை. ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் 1867 பெப்புருவரி 1ஆம் நாள் ஆற்றிய உரையில், அறிவுக் கல்வி, ஒழுக்கக் கல்வி ஆகிய இரண்டோடு, கவிதையாலும் கலையாலும் உணர்ச்சியைப் பண்படுத்தும் கல்வியை மூன்றாவதாக வைத்தார். உலகம் அளவையியல் வல்லுநரென்றே அறிந்த ஒருவர் வாயினின்று அது வந்தமையே அவ்வுரையின் சிறப்பு.

டார்வினின் ஒருநாள்

இனி டார்வினை நோக்குவாம். இவர் 1809 பெப்புருவரி 12ஆம் நாள் பிறந்தவர். மில்லினும் ஏறத்தாழ மூன்றாண்டு இளையவர். பீகிள் என்னும் கப்பலில் ஐந்தாண்டு உலகைச் சுற்றி 1836 ஒக்டோபரில் நாடு திரும்பினார். 1839இல் எம்மா வெட்ஜ்வூட் என்னும் மாமன் மகளை மணந்தார். வாந்தி, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு ஆகிய நோய்கள் அவரை விடாது வருத்தின. அவற்றின் காரணம் இன்றுவரை வாதத்துக்குரியதாகவே உள்ளது. சிறிது நேரம் நண்பருடன் பேசியிருந்தாலும் இரவெல்லாம் உறக்கம் கெடும். இந்நிலையில் 1842 செப்தெம்பரில் இலண்டனுக்குப் பதினாறு மைல் தொலைவிலுள்ள டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறி, நாற்பதாண்டு அங்கேயே வாழ்ந்தார்.

அவ்வீட்டில் அவர் கழித்த நாளின் ஒழுங்கை மகன் பிரான்சிஸ் விரிவாக எழுதியுள்ளார். காலையிற் சிறிது உலாவல். காலையுணவின் பின் எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வேலை. பின்னர் ஒரு மணி நேரம் கடிதம் படித்தல். மனைவியார் கதை படிக்கக் கேட்டல். பத்தரை முதல் நண்பகல் வரை மீண்டும் வேலை. அதன்பின் மழையாயினும் வெயிலாயினும் உலாவல். பகலுணவு, பத்திரிகை, கடிதம் எழுதுதல், படுக்கையிற் சாய்ந்து மறுபடியும் கதை கேட்டல், நான்கு மணிக்கு உலாவல், நாலரை முதல் ஐந்தரை வரை வேலை. இரவில் மனைவியாருடன் பாக்கமன் என்னும் பகடையாட்டம் இரண்டு முறை, பின்னர் சிறிது படிப்பு, மனைவியாரின் பியானோ இசை, பத்தரைக்கு உறக்கம். கூட்டிப் பார்ப்பின் உலகின் சிந்தனையை மாற்றியமைத்த அவ்வாராய்ச்சியாளர் மேசையில் அமர்ந்து வேலை செய்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமே.

உலாவுதற்கென அவர் 1846இல் அயலாரிடம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பெற்று, மரங்கள் நட்டு, சுற்றிவர மணற்பாதை அமைத்தார். சுற்றுக்களை எண்ணும் வேலையும் சிந்தனைக்கு இடையூறாகாதபடி, பாதையின் ஓரிடத்திற் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, சுற்றுக்கொன்றாகக் காலால் தட்டிவிடுவாராம். குழந்தைகள் அப்பாதையிலேயே ஓடி விளையாடுவர். பறவைகளைப் பார்க்க அவர் நிற்பதுண்டு. அந்தப் பகடையாட்டமும் வெறும் பொழுதுபோக்காக முடியவில்லை. வெற்றி தோல்விகளை ஆண்டுக்கணக்காகக் குறித்துவைத்தார். 1876இல் அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மனைவியார் 2490 ஆட்டங்களும் தாம் 2795 ஆட்டங்களும் வென்றிருப்பதைச் சிறுவனுக்குரிய களிப்போடு அறிவிக்கின்றார்.

இவ்வொழுங்கு துயர்க்காலத்தில் என்ன செய்தது? 1851 ஏப்பிரில் 23ஆம் நாள் அவருடைய மூத்த மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். நோயுற்ற மகளருகே அவர் இருந்தார். கருவுற்றிருந்த மனைவியார் வீட்டில் இருந்தார். ஒரு வாரத்தில், அக்குழந்தையின் முகமும் நடையும் மறந்துபோகாதபடி சில பக்கங்கள் எழுதிவைத்தார். பின்னர், கடற்பாறைகளிலும் மரக்கலங்களின் அடியிலும் ஒட்டி வாழும் சிற்றுயிர்களைப் பற்றி 1846 முதல் செய்துவந்த ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அது 1854இல் முற்றுப்பெற்றது. 1858 யூனில் வாலஸ் அனுப்பிய கட்டுரை, தாம் இருபதாண்டு காத்துவைத்த கருத்தையே கூறக் கண்டு திகைத்த அதே நாட்களிற் கைக்குழந்தை இறந்தது. யூலை 1ஆம் நாள் லினியன் கழகத்தில் இருவர் கட்டுரைகளும் படிக்கப்பட்டபோது டார்வின் அங்கில்லை. அம்மாதமே கடலோரத் தீவொன்றிற் குடும்பத்தோடு தங்கி, ‘இனங்களின் தோற்றம்’ ஆகப்போகும் சுருக்கத்தை எழுதத் தொடங்கினார். இருளிற் படியிறங்குவார்க்குக் கைபிடிச் சுவர் உதவுவதுபோல அவருக்கு அந்நாளொழுங்கு உதவிற்று எனலாம்.

இழந்தபின் அறிந்தது

ஆயினும், டார்வினின் வாழ்க்கை ஒழுங்கின் வெற்றியை மட்டும் காட்டுவதன்று. 1876இல், அறுபத்தேழாம் வயதில், தம் மக்களுக்காக எழுதிய தன்வரலாற்றில் ஓர் இழப்பை அவர் ஒளியாமற் கூறுகின்றார். முப்பது வயது வரை மில்தன், பைரன், கோலரிட்ஜ், ஷெல்லி முதலியோர் கவிதைகள் அவர்க்கு உவப்பளித்தன. கப்பற் பயணத்திற் கரையிறங்கும்போதெல்லாம் கையோடு கொண்டு சென்றது மில்தனின் காவியத்தையே. மில்லை மீட்ட வேர்ட்ஸ்வர்த்தின் நெடும்பாடலொன்றைத் தாம் இருமுறை முழுவதும் படித்ததாகப் பெருமையோடு குறிப்பிடுகின்றார். ஆனால், பின்னாளில் ஓர் அடிக் கவிதையும் அவரால் படிக்க இயலவில்லை. ஷேக்ஸ்பியரும் சலித்தார். ஓவியச் சுவையும் இசைச் சுவையும் பெரும்பாலும் போயின. கதைகளில் மட்டும் விருப்பம் எஞ்சிற்று. அவையும் இன்பமாக முடிதல் வேண்டும்.

வாழ்க்கையை மீண்டும் வாழ வாய்க்குமாயின், வாரத்துக்கு ஒருமுறையேனும் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் ஒரு விதியாகவே வகுத்துக்கொள்வேன் என்பது அவர் கூறும் கருத்து. பயன்படுத்தாமையால் மூளையின் அப்பகுதி தேய்ந்துவிட்டது என்று உயிர்நூலறிஞருக்குரிய முறையில் அவர் காரணம் தேடுகின்றார். இவ்விழப்பு இன்பத்தின் இழப்பு. அறிவுக்கும் ஒழுக்கத்துக்குமே அது தீங்கு பயக்கலாம் என்றும் ஐயுறுகின்றார். நாள்தோறும் ஒவ்வொரு வேலைக்கும் உரிய மணியைக் குறித்து வாழ்ந்தவர், கவிதைக்கு ஒரு மணியைக் குறிக்க மறந்துவிட்டார்.

வரலாற்று மாணவர் இவ்விடத்து அவசரப்படுதல் கூடாது. கவிதைச் சுவை போனபின்னரும் டார்வினின் ஆக்கம் குன்றவில்லை. மண்புழுக்களைப் பற்றிய அவர் நூல் இறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1881இல் வெளிவந்தது. ஆகவே, கவிதையின்றேல் ஆக்கமில்லை என்று முடிபுகட்ட இச்சான்று இடந்தராது. புழுவுக்குச் செவியுண்டோ என்று அறியப் பியானோவும் குழலும் வாசிக்கச் செய்து பார்த்த அம்முதியவரிடம் வியப்பு என்னும் உணர்ச்சி வற்றிவிடவில்லை. அதனை உயிர்ப்போடு வைத்திருந்தவை தோட்டமும், மணற்பாதையும், குழந்தைகளும், இரவு ஆட்டமும் ஆகலாம். மேலும், தன்வரலாறுகள் காலங்கடந்து எழுதப்படுபவை. மில் தம் இருபதாம் வயதுத் துயரை ஏறத்தாழ முப்பதாண்டு சென்றபின்னரே எழுத்தில் வடித்தார். நினைவு தன் போக்கிற் சிலவற்றை ஒழுங்குபடுத்தியிருக்கும்.

இவ்வாழ்க்கைகளைத் தாங்கிய பிறர் கைகளையும் மறத்தலாகாது. டார்வினுக்குத் தந்தையார் தேடிய செல்வம் இருந்தது. ஊதியத்துக்கு உழைக்கவேண்டிய தேவை இருந்ததில்லை. கதை படித்தும், இசை மீட்டியும், நோயிற் பேணியும் அந்நாளொழுங்கைக் காத்தவர் பத்துக் குழந்தைகளைப் பெற்ற எம்மா. நான்கு மணி நேர வேலையென்னும் பேறு யாவர்க்கும் வாய்ப்பதன்று. எனினும் மில், மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேலாக அலுவலகத்துக்குச் சென்றுவந்த ஊழியர். செடி பறிப்பதற்கும் நடப்பதற்கும் அவர்க்குச் செலவு சிறிதே. ஆதலின், செல்வமிலார்க்கு இப்பாடம் பொருந்தாது என்று தள்ளிவிடுதற்கில்லை.

நமக்கு ஆவது

இவ்விரு வாழ்க்கைகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலப்படும். ஒழுங்கான நாள் வழக்கம் துயரிலும் நோயிலும் மனிதனைத் தாங்கும், இஃது ஒன்று. அவ்வொழுங்கினுள் வேலைக்கு மட்டுமன்றி மகிழ்ச்சிக்கும் இடமிருத்தல் வேண்டும், இல்லையேல் உடல் இயங்க உள்ளம் வாடும், இஃது இரண்டு. பயிலாத சுவை தேயும், தேய்ந்தது தானாக மீளாது, இது மூன்று. தமிழர்க்கு இவை புதியனவல்ல. தொல்காப்பியர் இலக்கணம் வகுக்கப் புகுந்தவிடத்து மெய்ப்பாடுகளுக்கெனத் தனியோர் இயலே அமைத்தார். உணர்ச்சியும் கற்கத்தக்கது, வகுத்தறியத்தக்கது என்று நம் முன்னோர் கொண்டிருந்தனர்.

ஆயினும் நாம் இன்று செய்வது யாது? யான் பகலிற் கற்பித்து இரவிற் படித்து, வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்றேன். அவ்வாண்டுகளிற் கோயில் வீதியிலிருந்து நாதசுரம் கேட்கும் பழக்கத்தை, பரீட்சை முடியட்டும் என்று ஒத்திவைத்தேன். பரீட்சை முடிந்து பெறுபேறு வந்த அவ்வாண்டுத் திருவிழாவில் வீதியில் நெடுநேரம் இருந்தேன். இராகத்தின் பெயர் தெரிந்தது; வேறொன்றும் நிகழவில்லை. மில்லின் தன்வரலாற்றை யான் கருத்தூன்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. பழைய சுவை திரும்ப ஈராண்டு சென்றது. அதுவும் நாள்தோறும் மாலையில் அரைமணி அதற்கென ஒதுக்கியபின்.

எனினும், எனக்கு நேர்ந்ததை என் மாணவர்க்கு யானே செய்தேன் என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை நெருங்கிய ஒரு தவணையில், வரலாற்றுப் பாடத்தை மீட்டற்கு நேரம் போதவில்லையென்று சங்கீத பாடவேளை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஆசிரியர் மறுக்காது தந்தார். பெறுபேறுகளும் நன்றாகவே வந்தன, ஒருவரும் குறைகூறவில்லை. புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை மாலைப்பொழுதெல்லாம் தனிவகுப்புகளிற் கழியும் நம் பிள்ளைகளுக்கு, வாரத்தில் எஞ்சியிருந்த நாற்பது நிமிடத்தையும் யான் எடுத்துக்கொண்டதை எவரும் பிழையென்று எண்ணவில்லை. மிருதங்கம் பயின்ற மாணவன் ஒருவன் மட்டும் அப்பாடவேளைகளில் மேசையின் ஓரத்தில் விரலாற் தாளமிட்டுக்கொண்டிருந்தான். கையை எடு என்று அவனை அதட்டியதும் யானே.

தன் முறை பிழைத்ததை ஜேம்ஸ் மில் அறியாமலே இறந்தார். மகன் அவரிடம் கூறவில்லை. நம் மாணவரும் நம்மிடம் கூறமாட்டார். அவர் கூறும்வரை காத்திராமல் நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடுத்த தவணையில் அப்பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். வரலாற்றுக்கு நேரம் போதாமை இன்னும் தீரவில்லை. ஆயினும், செவ்வாய்க்கிழமை நான்காம் பாடவேளையில் அடுத்த கட்டடத்திலிருந்து பாட்டொலி வருகின்றது; அதனைக் கேட்டுக்கொண்டே யான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துகின்றேன்.